அழித்துவிட்டதாக நான் நம்பிய இருபது செக்கன்கள்

நள்ளிரவுக்குப் பின்னர் தொலைபேசி ஒலித்தால் அது நல்ல செய்தியாக இருப்பதில்லை. பத்திரிகைக் காரியாலயத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்தவனின் அனுபவம் இது. சென்ற ஆண்டு அப்படியோர் அழைப்பு வந்தது. பேசியவன் ரொறன்ரோவில் படிக்கும் என் மகளின் மகன். அங்கே அப்போது பின்னேரம்.

“அம்மப்பா, நித்திரையைக் குழப்பிப்போட்டனோ? ஒண்டு கேக்கவேணும். அந்தப் பாட்டுக்கு முன்னால அண்ணாவியார் ஒரு ஆளின்ரை பேரைச் சொல்லுறார். ஆர் அது?”

கேட்டதோடு நில்லாமல் அந்தப் பெயரையும் உச்சரித்தான். நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நான் எவரிடமும், என் மனைவியிடங்கூட, சொல்லாத பெயர் அது. அதற்கு முந்திய வாரந்தான் என் கையாலேயே அதை ஒலிப்பதிவிலிருந்து வெட்டி எறிந்திருந்தேன். வெட்டி எறிந்தது ரொறன்ரோவில் எப்படி ஒலித்தது?

விடயத்தை ஆரம்பத்திலிருந்தே சொல்லவேண்டும்.

1986 ஆம் ஆண்டு வைகாசி மாதம். வடபகுதிக் கரையோரக் கிராமம் ஒன்றில் வாழ்ந்த முதிய கூத்து அண்ணாவியார் ஒருவரைப் பற்றி எமது ஞாயிறு மலருக்கு எழுதுவதற்காகச் சென்றிருந்தேன். ஊரின் பெயரையும் அவருடைய பெயரையும் நான் இங்கே தராததன் காரணத்தை வாசகர்கள் போகப்போக விளங்கிக்கொள்வார்கள். என்னிடம் தோளில் மாட்டக்கூடிய சிறிய கசெற் ரெக்கோடர் இருந்தது. 90 நிமிடக் கசெற்; பக்கத்துக்கு 45 நிமிடம். அண்ணாவியார் திண்ணையில் அமர்ந்து, மத்தளத்தைத் தொடையில் சரித்து வைத்துக்கொண்டு மூன்று தருக்கள் பாடினார். இடையிடையே கதைத்தார். மூன்றாவது தருவுக்கு முன்னர், கடற்பக்கம் பார்த்தபடி, ஓர் இரவைப் பற்றியும் ஒரு தோணியைப் பற்றியும் சொன்னார். ஒரு பெயரையும் சொன்னார். இருபது செக்கன்கள் இருக்கும். சொல்லி முடித்ததும் என் கையைப் பிடித்தார்.

“தம்பி, இது பேப்பருக்கில்லை.”

“இல்லை அண்ணாவியார்” என்றேன்.

அதன் பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். பாட்டு தொடங்கியது.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதை இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் அப்போது ஒருவரை விசாரணையின்றிப் பதினெட்டு மாதங்கள் வரை தடுத்து வைக்க முடிந்தது. அதுமட்டுமல்ல, ஆட்களின் பெயர்களைத் தேடித் திரிந்தவர்கள் ஒரு தரப்பில் மாத்திரம் இருக்கவில்லை. ஒரு பெயர் அச்சில் ஏறினால் அதன் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை நாம் மறக்கமுடியாத காலம். கட்டுரை வெளிவந்தது. அதில் கூத்து இருந்தது, கடல் இருந்தது. அந்த இரவு இருக்கவில்லை. கசெற்றின் முதுகில் உள்ள இரண்டு சிறிய பிளாஸ்ரிக் தகடுகளையும் பேனாவால் உடைத்துவிட்டேன். அவற்றை உடைத்துவிட்டால் பிள்ளைகள் சினிமாப் பாட்டை அதன்மேற் பதிவு செய்ய முடியாது. அண்ணாவியார் சில ஆண்டுகளிற் காலமானார். பெயருக்கு உரியவர் இருக்கிறாரா இல்லையா என்பதை இங்கும் எழுதப்போவதில்லை.

வெட்டுவது எனக்குப் புதிய தொழிலன்று. நான் 1973 இல் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது எமது காரியாலயத்தில் ஈய எழுத்துகளைக் கையால் அடுக்கித்தான் பக்கங்கள் உருவாகின. இரவு பத்து மணிக்கு ஒரு விளம்பரம் வந்தால் செய்தியின் அடியிலிருந்து நான்கு வரிகள் போகவேண்டும். அச்சுக்கோப்பாளர் அந்த நான்கு வரிகளையும் விரல்களாற் பெயர்த்தெடுத்து, எழுத்துகளைப் பிரித்து, அவை அவைக்குரிய அறைகளிற் போட்டுவிடுவார். பத்து நிமிடங்களில் அவ்வரிகள் உலகத்திலேயே இல்லை. ஒருவருடைய பெயரில் இருந்த ‘க’வும் ‘ந’வும் மறுநாள் வேறு யாருடையவோ மரண அறிவித்தலில் இருக்கும். வெட்டு என்றால் அதுதான் வெட்டு.

எழுபதுகளின் பிற்பகுதியில் கொழும்பு வானொலிக்கு உரைச்சித்திரங்கள் எழுதிக் கொடுத்துவந்தேன். அங்கே ஒலிநாடாவை வெட்டும் வித்தையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கால் அங்குல அகலமான நாடா செக்கனுக்கு ஏழரை அங்குல வேகத்தில், அதாவது 19 சென்ரிமீற்றர் வேகத்தில், ஓடும். ‘அம்மா’ என்று ஒருவர் அரைச் செக்கனிற் சொன்னால், அச்சொல் நாடாவில் ஒன்பதரைச் சென்ரிமீற்றர் நீளமான பொருளாகிவிடுகிறது. அளக்கலாம், கையில் எடுக்கலாம், கழுத்தில் மாலையாகவும் போடலாம். தொகுப்பாளர் இரு சுருள்களையும் கையால் முன்னும் பின்னும் உருட்டிச் சொல் தொடங்கும் இடத்தைக் காதாற் பிடிப்பார். நாடாவின் முதுகில் மெழுகுப் பென்சிலாற் கோடு போடுவார். வெட்டுக்கட்டையின் சாய்ந்த தவாளிப்பில் வைத்துச் சவர அலகால் வெட்டுவார்.

அந்தச் சாய்வைப் பற்றி ஒரு வார்த்தை. நேராக வெட்டி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் ‘டக்’ என்றொரு சத்தம் வரும். ஓர் ஒலி சட்டென்று முறிந்து மற்றையது சட்டென்று தொடங்குவதால் வருவது அது. 45 பாகையிற் சாய்த்து வெட்டினால், கால் அங்குல நாடாவில் அந்தச் சாய்வு ஆறு மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமான நீளத்துக்குப் பரவும். 19 சென்ரிமீற்றர் வேகத்தில் அது ஒரு செக்கனின் முப்பதில் ஒரு பங்கு. அந்தக் கண நேரத்துக்குள் பழைய ஒலி தேய்ந்து புதிய ஒலி வளர்கிறது. இன்றைய இசைத்தயாரிப்பு மென்பொருள்களில் இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடத்தில் ‘குறொஸ்ஃபேட்’ என்ற பெயரிற் போடப்படும் பெருக்கற் குறி அந்தச் சவர அலகின் சாய்வுக்கு நேர் வாரிசு.

அந்தத் தொகுப்பாளரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. நிகழ்ச்சி ஒலிபரப்பாகி முடியும்வரை வெட்டிய துண்டுகளை எறியமாட்டார். சுவரில் ஆணியிற் தொங்கவிட்டிருப்பார். கடைசி நேரத்தில் “அந்த வரியைத் திரும்பப் போடுங்கோ” என்று யாராவது கேட்பார்கள் அல்லவா? ஒலிபரப்பு முடிந்ததும் துண்டுகள் குப்பைக்கூடைக்குப் போகும். ஆனால் சில துண்டுகள் குப்பைக்கூடைக்குப் போவதில்லை. அவற்றை அவர் பின்முற்றத்துக்குக் கொண்டுபோய் நெருப்பு வைப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “கூடையிலை கிடக்கிறதை ஆரும் எடுத்து ஒட்டலாம் ஐசே” என்றார்.

இந்தப் பாடத்தை நான் மறந்ததுதான் கதை.

ஓய்வுபெற்ற பின்னர் என்னிடமிருந்த நூற்றுக்கு மேற்பட்ட கசெற்றுகளைக் கணினிக்கு மாற்றத் தொடங்கினேன். இதற்கு நான் பயன்படுத்துவது ஓடாசிற்றி. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரொஜர் டனென்பேர்க் என்ற இருவர் தொடங்கி, 2000 ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு விடப்பட்ட இலவச மென்பொருள். என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு இலவசம் என்ற சொல்லின் இனிமையை விளக்கவேண்டியதில்லை. அதன் பழைய பதிப்புகளில் வேண்டாத பகுதியைத் தெரிவு செய்து அழித்து, கோப்பைச் சேமித்து மூடிவிட்டால் அத்தோடு சரி. போனது போனதுதான். ஈய எழுத்துகளோடும் சவர அலகோடும் வளர்ந்த கைக்கு இது இயல்பாகவே இருந்தது.

2021 ஆம் ஆண்டில் இரண்டு மாற்றங்கள் வந்தன. முதலாவது, 3.0 பதிப்பிலிருந்து ஒரு வேலையின் முழு விபரமும் தனியொரு கோப்பில் அடங்கியது. அதற்கு முன்னர் ஒரு சிறிய கோப்பும், அருகிலே ஒலித்துணுக்குகள் நிறைந்த ஓர் உறையும் இருக்கும்; இரண்டையும் சேர்த்து அனுப்ப மறந்து அவதிப்பட்டவர்கள் பலர். இரண்டாவது மாற்றம், அதே ஆண்டின் 3.1 பதிப்பில் வந்தது: ஒலித்துண்டின் ஓரத்தை மவுஸாற் பிடித்து உள்ளே தள்ளினால் துண்டு குறுகும். தெரிவு செய்யவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். யன்னற் கதவைச் சாத்துவது போன்ற இலகு. நான் மகிழ்ந்துபோனேன். புதிய வசதிகளைப் பற்றிய குறிப்புகளை வாசிக்கும் பொறுமை எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. மற்றவர்கள் எழுதியதை வெட்டுவதில் ஆயுளைக் கழித்தவனுக்கு வாசிப்பதில் உள்ள சோம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பேரனுக்கு இசையமைப்பிற் பைத்தியம். தன் நண்பர்களோடு ஒரு பாடல் செய்வதாகவும், அதிலே எங்கள் ஊர்க் குரல் ஒன்று வேண்டுமென்றும் கேட்டான். அண்ணாவியாரின் மூன்றாவது தருதான் எனக்கு நினைவில் எழுந்தது. கசெற்றின் முதற் பக்கம் முழுவதையும் கணினிக்கு மாற்றினேன். பாட்டு ஆறு நிமிடம். இடப்பக்க ஓரத்தைப் பிடித்துப் பாட்டின் வாசல்வரை தள்ளினேன். வலப்பக்க ஓரத்தைப் பாட்டின் முடிவுவரை தள்ளினேன். கேட்டுப் பார்த்தேன். பெயர் இல்லை, இரவு இல்லை, தோணி இல்லை. பாட்டின் ஒவ்வோர் அடிக்கும் கீழே பொருளையும் குறித்து வைத்தேன். கனடாவிற் பிறந்த பிள்ளைக்குக் கூத்துத் தமிழ் விளங்காது. ஒலியை மட்டும் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் இந்தக் குறிப்புகள் போகா என்பதால் புரொஜெக்ட் கோப்பையே அப்படியே அனுப்பினேன். பேரனுக்கு மட்டுமல்ல, கூத்துப் பாடல்களைச் சேகரிக்கும் இலண்டன் நண்பர் ஒருவருக்கும், யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கும் அனுப்பினேன்.

அன்றிரவு பேரன் என்ன நடந்தது என்று விளக்கினான். பாட்டு சற்றுச் சடுதியாகத் தொடங்குவதாக அவனுக்குப் பட்டிருக்கிறது. அண்ணாவியார் மூச்செடுக்கும் ஒலி இருந்தால் நல்லது என்று எண்ணித் துண்டின் ஓரத்தை இடப்பக்கமாக இழுத்திருக்கிறான். மூச்சு வந்திருக்கிறது. இன்னும் இழுத்திருக்கிறான்.

“நீங்க வெட்டேல்லை அம்மப்பா. மறைச்சிருக்கிறியள். யன்னல் சீலையை இழுத்துவிட்டா முத்தம் இல்லாமப் போயிடுமோ?”

கனடாவிற் பிறந்த பிள்ளை யன்னற் சீலையையும் முற்றத்தையும் எங்கிருந்து எடுத்தானோ தெரியவில்லை, ஆனால் உவமை சரியானது. இந்த மென்பொருள்களிற் துண்டு என்பது ஒலியன்று. முழு ஒலிப்பதிவு எங்கோ அடியிற் கிடக்கிறது. ‘இன்ன செக்கனிலிருந்து இன்ன செக்கன்வரை காட்டு’ என்ற குறிப்பு மாத்திரமே துண்டு. ஓரத்தைத் தள்ளும்போது மாறுவது அந்த இரண்டு எண்கள். 1991 இல் வெளிவந்த புரோ ரூல்ஸ் போன்ற தொழில்முறை மென்பொருள்கள் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் வேலை செய்தன. ஓடாசிற்றி பிந்தி வந்து சேர்ந்திருக்கிறது. இசையமைப்பவருக்கு இது வரப்பிரசாதம். நேற்று வெட்டியதை இன்று மனம் மாறி நீட்டலாம். ஆணியில் தொங்கும் துண்டுகள் என்றைக்கும் தொங்கிக்கொண்டே இருக்கும். நெருப்பு வைக்கவேண்டிய துண்டும் அதே ஆணியில்தான் தொங்குகிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்றையும் அவன் சுட்டிக்காட்டினான். எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் பயன்படுத்திய அமைப்பில் ஒற்றைத்தட ஒலி, செக்கனுக்கு 44,100 மாதிரிகள், மாதிரி ஒன்றுக்கு நான்கு பைற். ஆறு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 64 மெகாபைற் போதும். நான் அனுப்பிய கோப்போ 470 மெகாபைற்றுக்கும் அதிகம். 45 நிமிடமும் உள்ளே இருக்கிறது என்று கோப்பின் பருமனே சத்தமிட்டுக்கொண்டிருந்தது. நான்கு பக்கச் செய்தியை அரைப் பக்கமாக்கினேன் என்று ஓர் உதவி ஆசிரியர் சொல்லிவிட்டு நான்கு பக்கத்தையும் என் மேசையில் வைத்திருந்தால், நான் அவரை என்ன பாடு படுத்தியிருப்பேன்!

பேரனிடம் பெயரை மறந்துவிடு என்று சொன்னேன். “ஏன்?” என்று கேட்டான். சொல்லக்கூடியவரை சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி அம்மப்பா” என்றான்.

அந்த நேரத்திலேயே இலண்டனுக்கு எடுத்தேன். நண்பர் கோப்பைத் திறக்கவே இல்லை. நான் தொலைபேசியில் இருக்கும்போதே அழித்தார். விடியும்வரை காத்திருந்து யாழ்ப்பாணத்துக்கு எடுத்தேன். ஆசிரியர் கேட்டிருக்கிறார், பாட்டை மட்டும். ஓரத்தை இழுக்கலாம் என்பது என்னைப் போலவே அவருக்கும் தெரியாது. ஆனால் கோப்பைத் தம்மிடம் படித்த ஒரு பொடியனிடம் ‘கொஞ்சம் தெளிவாக்கித் தா’ என்று கொடுத்திருக்கிறார். அந்தப் பொடியனின் இலக்கத்தை வாங்கி அழைத்தேன். மிகவும் மரியாதையான பிள்ளை. இரைச்சலை நீக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். முன்பகுதியைக் கேட்டீரா என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அங்கே ஏதோ இருக்கிறது என்று நானே சொன்னதாகிவிடும். பதிவில் ஒரு பிழை இருக்கிறது, திருத்திய கோப்பு வருகிறது, பழையதை முற்றாக அழித்துவிடுங்கள் என்றேன். “அழிச்சிட்டன் ஐயா” என்று அரைமணி நேரத்திற் குறுஞ்செய்தி வந்தது. நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி எனக்கு இருக்கவில்லை.

மற்றவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் திருத்திய முறையையும் எழுதிவிடுகிறேன். காதுக்குக் கேட்பதை மட்டும் தனி ஒலிக்கோப்பாக ஏற்றுமதி செய்யவேண்டும். பின்னர் வெறுமையான புதிய புரொஜெக்ட் ஒன்றைத் திறந்து அதற்குள் அந்தக் கோப்பைக் கொண்டுவரவேண்டும். இப்போது ஓரத்தை எவ்வளவு இழுத்தாலும் நீளாது. அடியில் வேறெதுவும் இல்லை. ஒரு துண்டைப் படியெடுத்து இன்னொரு புரொஜெக்ட்டில் ஒட்டும்போது முழுவதையும் ஒட்டவா, தெரிவதை மட்டும் ஒட்டவா என்று ஓடாசிற்றி கேட்பதுண்டு. பலர் வாசிக்காமலே சரி சொல்லிவிடும் கேள்வி அது. நேர்காணல்களை ஒலிப்பதிவு செய்யும் இளம் பத்திரிகையாளர்கள் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்பது நல்லது.

இனிப் பாட்டுக்கு வருகிறேன். அதிலும் ஓரம் இழுக்கும் வேலைதான், ஆனால் வேறு விதமானது.

திருத்திய கோப்பைப் பேரன் தன்னுடைய ஏபிள்ரன் லைவ் மென்பொருளுக்குள் கொண்டுபோனான். தன் திரையை எனக்குக் காட்டியபடி வேலை செய்தான். துண்டின் ஓரத்தை இழுப்பது ஒரே செயல்தான், ஆனால் அதனால் மூன்று வெவ்வேறு விளைவுகள் நேரலாம் என்பது அப்போது விளங்கியது. மறைந்திருப்பது வெளிப்படலாம், அது நான் பட்ட அனுபவம். சுற்றை முடுக்கிவிட்டிருந்தால் அதே பகுதி மீண்டும் மீண்டும் ஒலிக்கலாம். மூன்றாவது, துண்டு இறப்பரைப் போல நீளலாம் அல்லது சுருங்கலாம். ஓடாசிற்றியிலும் 2023 ஆம் ஆண்டின் 3.4 பதிப்பிலிருந்து ஓல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஓரத்தை இழுத்தால் இது நடக்கும்.

ஒலிநாடாவில் இந்த மூன்றாவது வேலை ஏறத்தாழ இயலாதது. நாடாவை மெதுவாக ஓட்டினால் நேரம் நீளும், ஆனால் குரலும் தடித்துவிடும். வேகமும் சுருதியும் ஒட்டிப் பிறந்தவை. 1966 இன் இறுதியில் பீற்றில்ஸ் குழுவின் ‘ஸ்ரோபெரி ஃபீல்ட்ஸ்’ பாடலுக்கு ஜோன் லெனன் இரண்டு வெவ்வேறு ஒலிப்பதிவுகளை விரும்பினார். ஒன்றின் தொடக்கமும் மற்றையதன் முடிவும் வேண்டும் என்றார். இரண்டும் வேறு வேகம், வேறு சுருதி. ஜோர்ஜ் மார்ட்டினும் ஜெஃப் எமெரிக்கும் நாடாக்களின் ஓட்டத்தை மாற்றி ஒட்டினார்கள். பாட்டின் முதல் நிமிடம் முடியும் இடத்தில் அந்த ஒட்டு இருக்கிறது. வேகத்தை மாற்றியபோது சுருதியும் சேர்ந்து நகர்ந்து பொருந்தியது அவர்களுடைய அதிர்ஷ்டம். வேடிக்கை என்னவென்றால் அதே 1966 இல் தான் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளனகன், கோல்டன் என்ற இருவர், ஒட்டிப் பிறந்த அந்த இரண்டையும் பிரிக்கும் கணித முறையைக் கட்டுரையாக வெளியிட்டனர். ஒலியை ஒன்றன்மேல் ஒன்று படியும் மிகச்சிறு துணுக்குகளாக்கி, ஒவ்வொன்றிலும் உள்ள அதிர்வெண்களைக் கணக்கிட்டு, அவற்றைப் புதிய இடைவெளியில் மீண்டும் அடுக்குவது. இன்று பேரனின் மவுஸ் நுனியில் இருப்பது அந்த வழிவந்த வித்தை.

அவன் அண்ணாவியாரின் முதல் அடியை நீட்டிக் காட்டினான். உயிரெழுத்துகள் நன்றாகவே நீண்டன. ‘ஆ’ என்பது இன்னும் நீளமான ‘ஆ’. வல்லினம்தான் கெட்டது. ‘ட்’டும் ‘க்’கும் ஒரு கணத்தில் வெடித்து மறையவேண்டிய ஒலிகள், நீட்டும்போது வெடிப்புத் தேய்ந்து ஈரமான சீலையால் அடித்தது போலாகிறது. மத்தளமும் அப்படியே. நீட்டுவதை ஐந்தாறு சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் காது கண்டுபிடிப்பது கடினம் என்று அவன் சொன்னான். என் காது கண்டுபிடித்தது. அல்லது கண்டுபிடித்ததாக நான் பிடிவாதம் பிடித்தேன்.

அவனுடைய முதல் வடிவத்தில் ஓர் அடியை நான்கு முறை சுற்றவிட்டு, தாளத்தின் ஒவ்வொரு தட்டையும் மென்பொருளின் கட்டங்களோடு ஆணியடித்து வைத்திருந்தான். எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணாவியார் ஓர் அடியை இரண்டாம் முறை அதே மாதிரிப் பாடியவரல்லர். அத்துடன் அவருடைய பாட்டுத் தொடங்கும்போது இருந்த வேகத்தில் முடியவும் இல்லை. நிமிடத்துக்கு 84 தட்டில் தொடங்கி, பாத்திரம் களரிக்கு வந்து சேரும்போது நூறை எட்டுகிறது என்று பேரனே அளந்து சொன்னான். “அது பிழை இல்லையோ அம்மப்பா?” என்று கேட்டான். அது பிழையல்ல, வரவு என்றேன். அரசன் சபைக்கு வருகிறான். கிட்ட வர வர மத்தளம் முந்துகிறது. அதைக் கட்டத்துக்குள் அடைத்தால் அரசன் வரிசையில் நிற்பான்.

அவன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வேறொரு வடிவம் அனுப்பினான். அதிலே அண்ணாவியாரை அவன் நீட்டவில்லை. மென்பொருளின் தாளத்தைப் பாட்டின் பின்னால் நடக்கவிட்டிருந்தான். அப்படியும் ஒரு வழியிருக்கிறதாம். அவனுடைய கனடிய மேளங்கள் 84 இல் தொடங்கி முதியவரின் மூச்சைப் பார்த்துப் பார்த்து நூறுக்கு ஓடின. நான் மூன்று முறை கேட்டேன்.

கசெற் மிஞ்சியிருந்தது.

என் கணினியில் இருந்த 45 நிமிடக் கோப்பை அழித்துவிட்டேன். ஆனால் மூலத்தில் அந்த இருபது செக்கன்களும் இருந்தன. எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எனக்குப் பிறகு இந்தப் பெட்டிகளை யார் திறப்பார்கள், எந்த நூலகத்துக்குக் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. வரலாற்றை அழிக்கிறாயே என்று எனக்குள் இருந்த பத்திரிகையாளன் பல நாள் வாதிட்டான். அவனுடைய வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அண்ணாவியார் பிடித்த கை என்னுடையது.

1986 இல் உடைத்த தகட்டின் ஓட்டையைச் செலோரேப்பால் ஒட்டினேன். அப்போதுதான் ரெக்கோடர் மீண்டும் பதிவு செய்யும். அதன் உள்மைக் அறைச் சத்தத்தைப் பதியாமலிருக்க மைக் துளையில் வெறும் பிளக் ஒன்றைச் செருகினேன். பெயர் வரும் வாசகம் தொடங்கும் இடத்தைக் காதாற் பிடித்து நிறுத்தினேன். இருபது செக்கன்களையும் கடிகாரத்தோடு பலமுறை ஒத்திகை பார்த்தேன். கசெற்றில் செக்கனுக்கு நாடா 4.76 சென்ரிமீற்றர்தான் ஓடும். வெட்டி ஒட்டும் வேலைக்கு அது இடந்தராது. மேலே மௌனத்தைப் பதிவதே வழி. விசையை அழுத்தினேன். இருபதாவது செக்கனில் நிறுத்தினேன்.

போட்டுக் கேட்டேன். பெயர் போய்விட்டது. மூச்சும் போய்விட்டது.

காரணம் பின்னர் விளங்கியது. கசெற் இயந்திரத்தில் அழிக்கும் தலை, பதியும் தலைக்கு முன்னால் ஓரிரு சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது. நான் நிறுத்திய கணத்தில், இன்னும் வந்து சேராத நாடாவில் அரைச் செக்கனுக்குக் கிட்ட அது ஏற்கெனவே துடைத்துவிட்டிருந்தது. அண்ணாவியார் நெஞ்சு நிறைய இழுத்த மூச்சு அந்த அரைச் செக்கனுக்குள் இருந்தது. பாட்டின் முதற்சொல் தப்பியது. நாடாவில் ஓரம் பிடித்து இழுக்க எதுவும் இல்லை.

ரொறன்ரோவுக்கு எடுத்தேன். இம்முறை அவனுக்கு நள்ளிரவு.

“உன்ரை துண்டிலை மூச்சு இருக்கோ?”

மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணாவியார் மூச்செடுப்பது கேட்டது.

“இருக்கு அம்மப்பா. அதுக்கு முன்னால ஒண்டும் இல்லை. இழுத்துப் பாத்தன், வரேல்லை.”